வயிற்றுக்குள் இருக்கும்போதே ஆபரேஷன்: வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா?

கொங்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி, அவர் சம்மதத்தோடு சுருக்கித் தருகிறேன்.

வயது 27. நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். குறைப்பிரசவம், எட்டாம் மாதமே வலி வந்து பிறந்தவள். இப்போது இரண்டாவது கர்ப்பம், 22 வாரம். ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் இடுப்புப் பக்கம் முதுகெலும்பு மூடாமல் இருப்பதும், தண்டுவடம் அந்த வழியே வெளியே வந்திருப்பதும் தெரிந்தது. ஸ்பைனா பிஃபிடா என்றார்கள். உள்ளூர் டாக்டர், நகரத்தில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே, “பிறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். வயிற்றில் இருக்கும்போதே கேமரா விட்டுத் தைத்து, மேலே நாங்களே உருவாக்கிய புது ஒட்டு ஒன்றை வைத்துவிடுவோம். எட்டுப் பேருக்குச் செய்திருக்கிறோம், ரிசல்ட் நன்றாக இருக்கிறது” என்றார்களாம். செலவு ஒன்பது லட்சம். இந்த வாரத்துக்குள் முன்பணம் கட்ட வேண்டும்.

கணவர் தோட்டத்தில் ஓர் ஏக்கரை விற்கத் தயாராகிவிட்டார். மாமியார், “வயித்துல இருக்குற புள்ளைக்காக இதக்கூடத் தாங்க மாட்டியா?” என்கிறார். மருந்து கம்பெனியில் ரெப்பாக இருக்கும் அண்ணன், “உன்னைச் சோதனை எலி ஆக்கப் பாக்குறாங்க, அந்தப் பக்கமே போகாதே” என்று போனில் சத்தம் போடுகிறார். இவர் நடுவில். “எனக்குப் பயமாக இருக்கிறது டாக்டர். ஆனால் வேண்டாம் என்று சொல்லி, நாளைக்கு என் பிள்ளை நடக்க முடியாமல் போனால் அது என்னால்தானே? சட்டப்படி நான் மறுக்கலாமா? அவர் கையெழுத்துப் போட்டாலே போதும் என்கிறார்களே? அப்புறம் இன்னொன்று. ரிப்போர்ட்டில் லெமன் சைன், பனானா சைன் என்று போட்டிருக்கிறது. மசக்கையில் எலுமிச்சம்பழம் நிறையச் சாப்பிட்டேன். அதனாலா?”

ஸ்கேன் ரிப்போர்ட்டையும் சம்மதப் படிவத்தையும் படம் எடுத்து அனுப்பியிருந்தார். நாள் குறைவு என்பதால் அன்றைக்கே அவரிடம் போனில் பேசிவிட்டேன். பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. எலுமிச்சம்பழத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. முதுகில் திறப்பு இருக்கும்போது தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீர் அதன் வழியே கசிகிறது. அந்த இழுப்பில் மூளையின் பின்பகுதி கீழே இறங்குகிறது. தலையின் முன்பக்கம் இரு பக்கமும் ஒடுங்கி ஸ்கேனில் எலுமிச்சை வடிவமாகத் தெரியும். சிறுமூளை வளைந்து வாழைப்பழம் போலத் தெரியும். வடிவத்தைப் பார்த்து டாக்டர்கள் வைத்த பேர், அவ்வளவுதான். ரிப்போர்ட்டில் போடும்போது பக்கத்தில் ஒரு வரி விளக்கம் எழுதினால் எத்தனை பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள்!

முதுகெலும்புக் குழாய் மூட வேண்டிய வேலை, கரு உண்டான 28 நாளுக்குள் நடந்து முடிகிறது. அதாவது நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆவதற்குள். உங்களுக்கு மசக்கை சூடு பிடித்தபோது அது நடந்து முடிந்த கதை. நீங்கள் சாப்பிட்டதோ, தூக்கியதோ, கிரகணத்தன்று வெளியே போனதோ காரணம் இல்லை. இதை மாமியாரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள்.

மூடிவிட்டால் சரியாகிவிடுமா?

உங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றை நம்புகிறார்கள்: வயிற்றுக்குள்ளேயே ஆபரேஷன் செய்தால் குழந்தை நடக்கும், செய்யாவிட்டால் நடக்காது. இரண்டும் சரியில்லை.

இந்தக் குறையில் நரம்புக்கு இரண்டு தடவை அடி விழுகிறது. முதல் அடி, குழாய் மூடாமல் போன அன்று. அதை எந்த ஆபரேஷனும் திருப்பி எடுக்க முடியாது. இரண்டாவது அடி, திறந்து கிடக்கும் தண்டுவடம் மாதக்கணக்கில் பனிக்குட நீரில் ஊறி உரசுவதால் விழுவது. கருவிலேயே தைத்து மூடுவது இந்த இரண்டாவது அடியைக் குறைக்கத்தான். கூடவே நீர்க் கசிவு நின்றால், கீழே இறங்கிய மூளைப்பகுதி மேலே ஏற வாய்ப்புக் கிடைக்கிறது.

இது வெறும் நம்பிக்கை இல்லை. அமெரிக்காவில் 2003-ல் மாம்ஸ் என்ற ஆய்வு தொடங்கியது. பிலடெல்ஃபியா, நாஷ்வில், சான் ஃபிரான்சிஸ்கோ என மூன்றே மருத்துவமனைகள். சம்மதித்த கர்ப்பிணிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கருவிலேயே ஆபரேஷன், மறு பாதிக்குக் குழந்தை பிறந்த பிறகு ஆபரேஷன். 200 பேரைச் சேர்ப்பதாகத் திட்டம். 183 பேர் சேர்ந்திருந்தபோதே பலன் தெளிவாகிவிட்டதால் 2010 டிசம்பரில் நிறுத்தி, 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். மூளையில் தேங்கும் நீரை வடிக்க ஷன்ட் என்ற குழாய் வைக்க வேண்டி வந்தவர்கள், ஒரு வயதுக்குள், பிறந்த பிறகு ஆபரேஷன் செய்த குழந்தைகளில் 82 சதவீதம். கருவிலேயே செய்தவர்களில் 40 சதவீதம். இரண்டரை வயதில் எதையும் பிடிக்காமல் நடந்தவர்கள் 21 சதவீதத்துக்கு எதிராக 42 சதவீதம்.

பெரிய வித்தியாசம்தான். ஆனால் அதே எண்களை மறுபடி படியுங்கள். கருவிலேயே ஆபரேஷன் ஆன குழந்தைகளிலும் பாதிக்கு மேல் இரண்டரை வயதில் தானாக நடக்கவில்லை. பிறந்த பிறகு ஆபரேஷன் ஆன குழந்தைகளிலும் ஐந்தில் ஒன்று நடந்தது. சிறுநீர், மலம் அடக்குவதில் உள்ள சிரமம் பெரும்பாலும் இரு பக்கமும் தொடரும். ஆக இது குறையைக் குறைக்கிற வழி, குணமாக்குகிற வழி இல்லை.

அதன் விலையை யார் கொடுக்கிறார்கள்?

இந்தப் பகுதியைத்தான் அந்த மருத்துவமனையில் உங்களிடம் யாரும் பேசியதாகத் தெரியவில்லை.

குழந்தையின் முதுகுக்குப் போகிற வழி உங்கள் வயிறு, உங்கள் கர்ப்பப்பை. மாம்ஸ் ஆய்வில் தாய்மார்கள் யாரும் இறக்கவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் கருவிலேயே ஆபரேஷன் ஆன பிரிவில் பிரசவம் சராசரியாக 34 வாரத்திலேயே ஆனது. மற்றப் பிரிவில் 37 வாரம் தாண்டி. நூற்றுக்கு 13 குழந்தைகள் 30 வாரத்துக்கு முன்பே பிறந்தன. பனிக்குடம் தானாகவே முன்கூட்டி உடைந்தது 46 சதவீதத்தினருக்கு. மற்றப் பிரிவில் அது 8 சதவீதம். சிசேரியன் செய்தபோது பார்த்தால், மூன்றில் ஒருவருக்குக் கர்ப்பப்பையின் பழைய தையல் மெலிந்தோ, ஓரளவு பிரிந்தோ இருந்தது. இதற்கு அப்புறம் உண்டாகும் ஒவ்வொரு கர்ப்பத்திலும் வலி வருவதற்கு முன்பே சிசேரியன்தான். தையல் விட்டுக் கர்ப்பப்பை கிழியும் ஆபத்து அடுத்தடுத்த பிரசவங்களுக்கும் கூடவே வரும்.

உங்களுக்குச் சொன்னது கேமரா முறை. வயிற்றைப் பெரிதாகக் கிழித்துக் கர்ப்பப்பையைத் திறக்காமல், சின்னத் துளைகள் வழியே செய்வது. கர்ப்பப்பைக்குக் காயம் குறைவு என்பது உண்மையான லாபம், உலகில் சில இடங்களில் நன்றாகவே செய்கிறார்கள். ஆனாலும் பனிக்குடம் முன்கூட்டி உடையும் கவலை அதிலும் இருக்கிறது. கை பழகப் பழகத்தான் ரிசல்ட் மேம்படும் வேலை அது. எட்டாவது நோயாளிக்கும் எண்பதாவது நோயாளிக்கும் கிடைப்பது ஒன்றாக இருக்காது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் முதல் பெண் எட்டாம் மாதம் தானாக வலி வந்து பிறந்ததாக எழுதியிருக்கிறீர்கள். மாம்ஸ் ஆய்வில் முன்பு குறைப்பிரசவம் ஆன பெண்களைச் சேர்க்கவே இல்லை, ஏனென்றால் மறுபடியும் ஆக வாய்ப்பு அதிகம். கர்ப்பப்பை வாய் நீளம் குறைந்தவர்களையும் சேர்க்கவில்லை. அப்படியானால் நான் மேலே எழுதிய நல்ல எண்கள் உங்களைப் போன்றவர்களிடம் பார்த்துக் கணக்கிட்டவை இல்லை. நீங்கள் அனுப்பிய படிவத்தில் முந்தைய பிரசவம் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. 26 வாரத்தில் பிறக்கும் குழந்தைக்கு முதுகுக் குறையோடு நுரையீரல், மூளையில் ரத்தக் கசிவு, கண் என்று வேறு பிரச்சினைகளும் சேர்ந்துகொள்ளும். காப்பாற்றப் போனது கால் பலத்தை. கடைசியில் உயிருக்கே போராட வேண்டி வரலாம்.

இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. கருவில் ஆபரேஷன் என்ற துறை 1981-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் மைக்கேல் ஹாரிசன் குழுவோடு தொடங்கியபோது, விட்டால் பிழைக்காது என்ற குழந்தைகளுக்குத்தான் அதை யோசித்தார்கள். அடுத்த வருடமே துறை மருத்துவர்கள் கூடி, நோய் உறுதியாகத் தெரிய வேண்டும், பிறந்த பிறகு செய்யும் சிகிச்சை பலன் தராததாக இருக்க வேண்டும், விலங்குகளில் பார்த்திருக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் வகுத்தார்கள். ஸ்பைனா பிஃபிடா பெரும்பாலும் உயிரைப் பறிக்கும் நோய் இல்லை. பிறந்த பிறகும் செய்ய ஆபரேஷன் இருக்கிறது. உயிர் போகாத ஒரு குறைக்காக, ஆரோக்கியமான ஒரு பெண்ணை மேஜையில் படுக்கவைக்கலாமா என்று அந்தத் துறைக்குள்ளேயே வருடக்கணக்கில் சண்டை நடந்தது. நீங்கள் பயப்படுவது கோழைத்தனம் இல்லை. அந்தச் சண்டையில் ஒரு பக்கம் நின்றவர்கள் கேட்ட அதே கேள்வியைத்தான் நீங்களும் கேட்கிறீர்கள்.

அண்ணன் சொல்வதும் முழுக்கச் சரியில்லை

சோதனை என்ற சொல் நம் மொழியில் பாவப்பட்டது. கஷ்டம் வந்தாலும் “என்ன சோதனை” என்கிறோம், ஆராய்ச்சிக்கும் அதே சொல். அதனால் சோதனை என்றாலே யாரோ நம்மை வதைக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

ஆனால் நேர்மையாகச் செய்த சோதனை பல குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறது, பல தாய்களைத் தேவையில்லாத கத்தியிலிருந்தும் காப்பாற்றியிருக்கிறது. ஒரு உதாரணம் பாருங்கள். வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கும் உதரவிதானத்தில் ஓட்டை இருந்தால், குடல் மேலே ஏறி நுரையீரலை வளரவிடாது. கருவிலேயே மூச்சுக்குழாயைச் சின்ன பலூனால் அடைத்தால் நுரையீரல் உப்பி வளரும் என்று கண்டுபிடித்தார்கள். கேட்கவே அருமையாக இருந்தது. குலுக்கல் முறையில் பார்த்தார்கள். 2003-ல் வந்த முடிவில், பலூன் வைத்த 11 குழந்தைகளில் 8 பிழைத்தன. வைக்காத 13-ல் 10 பிழைத்தன. லாபமே இல்லை, குறைப்பிரசவம்தான் மிச்சம். ஆய்வு செய்யாமல் விட்டிருந்தால் இன்றுவரை எல்லோருக்கும் பலூன் வைத்துக் காசு வாங்கிக்கொண்டிருப்பார்கள். பிறகு மிகக் கடுமையான பாதிப்பு உள்ளவர்களை மட்டும் எடுத்து மறுபடி ஆராய்ந்தார்கள். 2021-ல் வந்த முடிவில், பலூன் வைத்த 40-ல் 16 குழந்தைகள் பிழைத்தன. வைக்காத 40-ல் 6 மட்டும். யாருக்கு உதவும், யாருக்கு உதவாது என்பதே சோதித்த பிறகுதான் தெரிந்தது.

மாம்ஸ் நடந்த அந்த ஏழு வருடமும், ஆய்வுக்கு வெளியே இந்த ஆபரேஷனைச் செய்வதில்லை என்று அமெரிக்காவின் மற்ற மருத்துவமனைகள் ஒதுங்கி நின்றன. கேட்டு வந்த பெற்றோரைத் திருப்பி அனுப்புவது எளிதாக இருந்திருக்காது. அந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் இன்றைக்கு உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு நம்பகமான எண்கூட இருந்திருக்காது. இப்போதும் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில், நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களைத் தடவிய ஒட்டைக் குழந்தையின் தண்டுவடத்தின் மேல் வைத்துத் தைத்துப் பார்க்கிறார்கள். 2021-ல் தொடங்கியது. அரசு அனுமதி பெற்று, முதலில் ஒரு சிலருக்கு மட்டும் செய்து, ஆபத்து இல்லை என்று பார்த்த பிறகே அடுத்த படி. பெயரே ஆய்வு என்றுதான்.

உங்களிடம் சொன்னதில் எனக்குப் பிடிக்காதது சோதனை என்பதில்லை. சோதனை என்று சொல்லாததுதான். “நாங்களே உருவாக்கிய புது ஒட்டு”, “எட்டுப் பேர்” என்று வந்த பிறகு அது ஆய்வு; அதற்கு உரிய விதிகள் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின்படி, அந்த மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அதை முன்பே படித்து அனுமதித்திருக்க வேண்டும். குழுவின் தலைவர் வெளியாளாக இருக்க வேண்டும். சட்டம் தெரிந்தவர், மருத்துவத்தைச் சாராத சாதாரண மனிதர் என்று கலந்திருக்க வேண்டும். ஆய்வின் பாகமான எதற்கும் உங்களிடம் காசு வாங்கக் கூடாது. ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும். சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டில் ஆய்வைப் பதிந்திருக்கிறார்களா என்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். உங்கள் அண்ணனுக்கு இந்த வேலையைக் கொடுங்கள், சத்தம் போடுவதைவிட உபயோகமாக இருக்கும்.

ஒன்பது லட்சமும் வாங்கிக்கொண்டு, நிரூபிக்காத ஒன்றைச் செய்து பார்த்து, முடிவை யாருக்கும் சொல்லாமல் இருப்பது சிகிச்சையும் இல்லை, ஆராய்ச்சியும் இல்லை. “ரிசல்ட் நன்றாக இருக்கிறது” என்றால் என்ன? எட்டுக் குழந்தைகளும் எந்த வாரத்தில் பிறந்தன, எத்தனை உயிரோடு இருக்கின்றன, எத்தனை பேருக்கு ஷன்ட் வைத்தார்கள், தாய்மார்களுக்கு என்ன ஆனது? இதை எழுத்தில் கேளுங்கள். தயங்கினால் அதுவே பதில்.

கையெழுத்து யாருடையது?

நீங்கள் அனுப்பிய படிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் பதினோரு பக்கம். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் முதல் வரி “கணவர் அல்லது காப்பாளர்”. அதற்குக் கீழே, சின்ன எழுத்தில் “நோயாளி”. நோயாளி என்பது நீங்கள்தான். “நவீன சிகிச்சை” என்ற சொல் ஆறு இடத்தில் வருகிறது. ஆய்வு என்றோ, பரிசோதனை முறை என்றோ ஒரு இடத்திலும் இல்லை. முன்பணம் திரும்பத் தரப்படாது என்பது மட்டும் தடித்த எழுத்தில்.

குற்றம் சொல்லும் தகுதி எனக்கும் பெரிதாக இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் கர்ப்பிணியை ஸ்கேன் படுக்கையில் விட்டுவிட்டு, வெளியே நிற்கும் கணவரிடமே எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறேன். அது தப்பு என்று எனக்கு உறைக்கச் சில வருடங்கள் ஆயின.

சட்டம் தெளிவாக இருக்கிறது. வயது வந்த, சுயநினைவோடு இருக்கும் ஒரு பெண்ணின் உடலில் செய்யும் ஆபரேஷனுக்கு அவருடைய சம்மதம் வேண்டும். வீட்டார் கையெழுத்து அதற்கு ஈடாகாது. சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதையே. அந்த வழக்கில் மயக்கத்தில் இருந்த பெண்ணுக்காக அவர் தாயிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். அது செல்லாது என்றது நீதிமன்றம். நோய், சிகிச்சை, ஆபத்து, மாற்று வழிகள், சிகிச்சையே வேண்டாம் என்றால் என்ன ஆகும் என எல்லாம் விளங்கும்படி சொன்ன பிறகு தருவதுதான் சம்மதம். பிள்ளை பெறுவது பற்றிய முடிவு பெண்ணின் தனிச் சுதந்திரத்தில் அடங்கும் என்று 2009-ல் இன்னொரு தீர்ப்பும் சொல்லியிருக்கிறது. வயிற்றுக் குழந்தைக்காக ஆபரேஷன் செய்துகொண்டே ஆக வேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இங்கே கிடையாது. சம்மதம் கொடுத்த பிறகும், மயக்க மருந்து கொடுக்கும் நிமிடம் வரை, மனதை மாற்றிக்கொள்ளலாம். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

கருவும் நோயாளி, தாயும் நோயாளி, ஆக இரண்டு நோயாளிகள் என்று என் துறையில் பேசுவது வழக்கம். அந்தப் பேச்சில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. இரண்டு நோயாளிகள் என்று பிரித்துவிட்டால், ஒருவருக்காக மற்றவர் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அடுத்த வரி தானாக வந்துவிடுகிறது. விட்டுக்கொடுப்பது எப்போதும் அம்மாதான். உங்கள் கணவருக்கு ஒரு சிறுநீரகத்தைக் கொடுக்கும்படி உங்களை யாரும் சட்டப்படிக் கேட்க முடியாது. நீங்களாகக் கொடுத்தால் அது அன்பு. இதுவும் அப்படித்தான். கொடுத்தால் பெரிய மனசு, கொடுக்காவிட்டால் குற்றம் இல்லை. நான்கு வயதுப் பெண்ணுக்கும் நீங்கள் ஒருத்திதான் அம்மா என்பதை மாமியார் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு பிரசவம் வரை அந்த நகரத்திலேயே தங்கியிருக்க வேண்டி வரும். அவளை யார் பார்த்துக்கொள்வது என்று யாராவது பேசினார்களா?

மற்ற வழிகள்

ஒன்று, பிறந்த பிறகு ஆபரேஷன். இதை ஏதோ கைவிடுவது போல உங்களிடம் பேசியிருக்கிறார்கள். உலகம் முழுவதும் இன்றும் பெரும்பாலான குழந்தைகளுக்கு நடப்பது இதுதான். குழந்தைகள் நரம்பியல் அறுவை நிபுணர் இருக்கும் மருத்துவமனையில் பிரசவத்தை வைத்துக்கொண்டு, பிறந்த ஓரிரு நாளில் மூடிவிடுவார்கள். தேவைப்பட்டால் ஷன்ட். பிறகு பிசியோதெரபி, நேரத்துக்கு நேரம் சிறு குழாய் வைத்துச் சிறுநீர் எடுக்கப் பழகுவது, காலுக்கு பிரேஸ். நீண்ட பயணம்தான், மறைக்கவில்லை. ஆனால் இந்தக் குழந்தைகளில் பலர் பள்ளிக்குப் போகிறார்கள், படிக்கிறார்கள், வேலைக்கும் போகிறார்கள். அரசின் தேசியச் சிறார் நலத் திட்டத்தில், பிறவிக் குறைகளின் பட்டியலில் முதலில் வருவதே இது. உங்கள் மாவட்டத்தில், இப்படிப்பட்ட குழந்தைகளைக் கவனிக்கும் ஆரம்பகால இடையீட்டு மையத்தை இப்போதே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். முடிந்தால், இந்தக் குறையோடு வளரும் ஒரு குழந்தையின் அம்மாவோடு அரை மணி நேரம் பேசுங்கள். நான் பத்து பக்கம் எழுதுவதைவிட அது நல்லது.

இன்னொன்று, கர்ப்பத்தைத் தொடர வேண்டாம் என்ற முடிவு. நீங்கள் கேட்கவில்லை, நானும் அந்தப் பக்கம் தள்ளவில்லை; ஆனால் சொல்லாமல் விட்டால் உங்களுக்குத் தெரிய வேண்டியதை மறைத்ததாகும். 2021-ல் திருத்திய சட்டப்படி, குழந்தைக்குக் கடுமையான குறை இருக்கும் வாய்ப்பு உண்டென்றால் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் ஒப்புதலோடு செய்யலாம். அதற்குப் பிறகு வழியே இல்லை என்பதில்லை: குறை கணிசமானது என்று மருத்துவ வாரியம் முடிவு செய்தால் 24 வாரத்துக்கு அப்பாலும் சட்டம் இடம் தருகிறது. இதற்கும் உங்கள் சம்மதம் மட்டும் போதும், கணவர் கையெழுத்து தேவையில்லை.

கருவிலேயே ஆபரேஷன் என்ற வழியையும் நான் மூடிவிடவில்லை. குறைப்பிரசவ வரலாறு தெரிந்த பிறகும் உங்களுக்குச் செய்யலாம் என்று, அதைச் செய்யாத, அதில் வருமானம் இல்லாத ஒரு கருநல நிபுணர் சொன்னால், எழுத்தில் அனுமதி உள்ள ஒரு ஆய்வில் இடம் கிடைத்தால், யோசிக்கத் தகுந்ததுதான். மாம்ஸில் 26 வாரம் நெருங்கும்வரை ஆபரேஷன் செய்தார்கள். “இந்த வாரமே பணம்” என்பது குழந்தைக்கான கெடு இல்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது

முன்பணம் கட்ட வேண்டாம், நிலத்துக்கு அட்வான்ஸ் வாங்க வேண்டாம். வேறொரு மருத்துவமனையில், முடிந்தால் மருத்துவக் கல்லூரி ஒன்றில், மறு ஸ்கேன் எடுங்கள். திறப்பு எந்த எலும்பின் மட்டத்தில் தொடங்குகிறது, குழந்தை காலை ஆட்டுகிறதா, பாதம் வளைந்திருக்கிறதா, மூளை நீரறைகளின் அளவு என்ன, உங்கள் கர்ப்பப்பை வாயின் நீளம் எவ்வளவு என்று கேளுங்கள். குரோமோசோம் கோளாறு இருக்கிறதா என்று பனிக்குட நீர் எடுத்துப் பார்த்ததாக எந்தக் காகிதத்திலும் இல்லை. அதைப் பார்க்காமல் கருவில் ஆபரேஷன் பற்றிப் பேசுவதே அவசரம். எந்த முடிவு எடுத்தாலும், அடுத்த குழந்தைக்கு நினைக்கும்போது, கரு தங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே 5 மில்லிகிராம் ஃபோலிக் அமில மாத்திரையை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விலை மிகக் குறைவு. இப்படி அதிக அளவில் கொடுத்துப் பார்த்த, 1991-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், அதே குறை மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது.

மறு ஸ்கேனுக்கு உங்கள் கணவரும் உள்ளே வரட்டும், ஆனால் டாக்டர் உங்களைப் பார்த்துப் பேசட்டும். அப்புறம், மறக்காமல் உங்கள் பெண் பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனையாவது வாரத்தில் பிறந்தாள் என்று அதில் எழுதியிருக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் அதைத்தான் அவர்கள் பார்க்க வேண்டும்.